சந்திப்பில் நான்கு கோணங்கள்: வடிவியலும் ‘என்றால்’ என்னும் தருக்கமும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து ஆயர் ஈத்தாமில் இரண்டு பெரிய சாலைகள் குறுக்கிடுகின்றன. கோலாலம்பூர்ப் பக்கமிருந்து ஜொகூர் பாருவுக்கு இறங்கும் முதலாம் கூட்டரசுச் சாலை ஒன்று. பத்து பகாட்டில் தொடங்கி, பாரிட் ராஜா வழியாக வந்து, குளுவாங்கை நோக்கிப் போகும் 50ஆம் சாலை இன்னொன்று. வடக்கு–தெற்கு விரைவுச்சாலை வருவதற்கு முன்பிருந்தே பேருந்துகள் நின்று சென்ற ஊர் இது. பூந்தொட்டியும் சாடியும் அடுக்கிய பீங்கான் கடைகளால் பெயர் பெற்ற ஊரும்கூட. சாலைகளின் வளைவு நெளிவுகளை விட்டுவிட்டு அவற்றை இரண்டு நேர்கோடுகளாகத் தாளில் வரைந்தால், பள்ளி வடிவியலின் மிகப் பழைய உண்மை ஒன்று கண்முன் வந்து நிற்கும். இரண்டு நேர்கோடுகள் வெட்டிக்கொண்டால் எதிரெதிர்க் கோணங்கள் சமம். ஒரு கோணம் 70 பாகை என்றால் அதற்கு எதிரே இருப்பதும் 70 பாகை. மற்ற இரண்டும் 110 பாகை.

இது தேல்ஸ் கண்டது என்று ஐந்தாம் நூற்றாண்டு உரையாசிரியர் புரோக்ளஸ் எழுதிவைத்திருக்கிறார். யூக்ளிட் தம் வடிவியல் தொகுதியின் முதல் நூலில் 15ஆம் கூற்றாக இதை நிறுவினார். நிறுவல் மிகச் சிறியது. ஒரு நேர்கோட்டின் மேல் அடுத்தடுத்து அமையும் இரு கோணங்களின் கூடுதல் 180 பாகை. முதல் கோணமும் இரண்டாம் கோணமும் சேர்ந்தால் 180. இரண்டாம் கோணமும் மூன்றாம் கோணமும் சேர்ந்தாலும் 180. ஆகவே முதலும் மூன்றும் சமம்.

இனி இதையே திருப்பிக் கேட்போம். ஒரு புள்ளியிலிருந்து நான்கு சாலைகள் புறப்படுகின்றன. எதிரெதிரே உள்ள இரு கோணங்கள் சமமாக இருக்கின்றன. அப்படியென்றால் அவை இரண்டு நேர்ச்சாலைகள் குறுக்கிட்டதால் உண்டானவையா? பெரும்பாலோர் ஆம் என்பார்கள். 70, 100, 70, 120 என்று நான்கு கோணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதல் 360. ஓர் எதிர்ச்சோடி சமம். ஆனால் 70உம் 100உம் சேர்ந்தால் 170தான். எந்தச் சாலையும் மறுபுறம் நேராகத் தொடரவில்லை. ஒரு சோடி சமம் என்பது போதாது. இரண்டு சோடிகளும் சமம் என்றால்? அப்போது அடுத்தடுத்துள்ள இரு கோணங்களின் கூடுதலைப் போல் இருமடங்கு 360. ஆகவே அவற்றின் கூடுதல் 180. சாலைகள் நேராகத்தான் போகின்றன. ஒரே ஒரு நிபந்தனை கூடியதும் பொய்யான திருப்பம் மெய்யாகிவிட்டது.

வடிவியலுக்குள் தருக்கம் நுழையும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். கோணத்தின் அளவைக் கண்டுபிடிப்பது ஒரு திறமை. ‘இது உண்மையென்றால் அது உண்மை’ என்ற கூற்றைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும், இரு பக்கமும் மறுத்துச் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்பது வேறொரு திறமை. மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்து வரும் பிள்ளைக்கு இந்த இரண்டும் எங்கே, எந்த வயதில், எந்த மொழியில் கிடைக்கின்றன? அவை ஒன்றோடொன்று சேர்ந்து கிடைக்க வேண்டாமா? இக்கட்டுரை ஆராய்வது அதைத்தான்.

பாடத்திட்டத்திலிருந்து தொடங்கலாம். தமிழ்ப்பள்ளியின் மேல் வகுப்புகளில் பிள்ளைகள் செங்கோணம், குறுங்கோணம், விரிகோணம், இணைகோடு ஆகியவற்றைத் தமிழில் கற்கிறார்கள். இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்தில் ‘காரிஸ் டான் சூடூட்’, அதாவது கோடுகளும் கோணங்களும் என்ற பாடம் மலாயில் வருகிறது. எதிரெதிர்க் கோணம், ஒத்த கோணம், ஒன்றுவிட்ட கோணம், உட்கோணம் எல்லாம் அங்கே உண்டு. தருக்கமோ நான்காம் படிவக் கணிதத்தில்தான், ‘பெனாக்கூலான் லோகிக்’ என்ற பாடமாக வருகிறது. ‘ஜிக்கா… மக்கா…’ என்று தொடங்கும் நிபந்தனைக் கூற்று, அதைத் திருப்பிப் போட்ட மறுதலையான ‘அகாஸ்’, இரு பக்கமும் மறுத்த ‘சொங்சாங்ஙான்’, திருப்பியும் மறுத்தும் சொல்லும் ‘கொன்ட்ராபோசித்திப்’ ஆகிய நான்கும் அங்கே ஒரு பட்டியலாக அறிமுகமாகின்றன. கோணம் 13 வயதில். தருக்கம் 16 வயதில். புகுமுக வகுப்பில் ஓராண்டு செலவிட்டுவிட்டுப் போகும் தமிழ்ப்பிள்ளைகளுக்கு இரண்டும் ஓர் ஆண்டு தள்ளிப் போகின்றன.

நடுவில் இருக்கும் மூன்று ஆண்டுகள் தருக்கம் இல்லாத ஆண்டுகள் அல்ல. பெயர் சொல்லாமல் தருக்கத்தைப் பயன்படுத்தும் ஆண்டுகள். முதலாம் படிவத்திலேயே இரண்டு வகைக் கணக்குகள் வருகின்றன. முதல் வகையில் கோடுகள் இணை என்று கொடுத்துவிட்டு, விடுபட்ட கோணத்தைக் கேட்பார்கள். இரண்டாம் வகையில் கோணங்களைக் கொடுத்துவிட்டுக் கோடுகள் இணையா என்று கேட்பார்கள். மாணவர் இரண்டுக்கும் ஒரே வாய்பாட்டை நீட்டுகிறார். இரண்டிலும் விடை சரியாக வருகிறது. ஆனால் இவை வேறுவேறு கூற்றுகள். யூக்ளிட் முதல் நூலில் ஒன்றுவிட்ட கோணங்கள் சமமென்றால் கோடுகள் இணை என்பது 27ஆம் கூற்று; கோடுகள் இணையென்றால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பது 29ஆம் கூற்று. ஒன்று மற்றதன் மறுதலை.

யூக்ளிட் இவற்றைத் தனித்தனியே நிறுவியதற்குக் காரணம் உண்டு. 27ஐ நிறுவ அவருக்கு இணைகோடுகள் பற்றிய ஐந்தாம் அடிகோள் தேவைப்படவில்லை. கோடுகள் இணையில்லை என்று வைத்துக்கொண்டால் அவை எங்கோ சந்தித்து ஒரு முக்கோணம் உண்டாகும்; அதில் ஒரு புறக்கோணம் தன் எதிர் உட்கோணத்துக்குச் சமமாக வந்துவிடும்; அது முடியாது. ஆகவே கோடுகள் இணை. 29இல்தான் யூக்ளிட் முதன்முதலாக அந்த அடிகோளைக் கையில் எடுக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லோபசெவ்ஸ்கியும் போயாயும் ஐந்தாம் அடிகோளை விலக்கி ஒரு வடிவியலை அமைத்தபோது, 27 அங்கே அப்படியே நின்றது, 29 நிற்கவில்லை. ஒரு கூற்றும் அதன் மறுதலையும் இரண்டு வெவ்வேறு உலகங்களைப் பிரிக்கும் அளவுக்கு வேறானவை. பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் லோபசெவ்ஸ்கி பற்றிப் பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை செய்யும் இரண்டு கணக்குகளும் ஒன்றல்ல என்று மட்டும் சொல்லியே ஆக வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நிலை கொஞ்சம் வேறு. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் தேல்ஸ் தேற்றம், கோண இருசமவெட்டித் தேற்றம், பிதாகரஸ் தேற்றம் மூன்றுமே மறுதலைகளோடு வருகின்றன. இலங்கைச் சாதாரண தரத்தில் நடுப்புள்ளித் தேற்றமும் அதன் மறுதலையும் உண்டு. மறுதலை என்ற சொல்லையாவது அந்தப் பிள்ளைகள் வடிவியல் வகுப்பிலேயே கேட்டுவிடுகிறார்கள். ஆனால் மனப்பாடமாக எழுதும் தேற்றத்துக்குப் பின்னால் மனப்பாடமாக எழுதும் இன்னொரு தேற்றமாக அது வந்து நிற்கும்போது, பொய்யான மறுதலை ஒன்றை அவர்கள் பார்ப்பதே இல்லை. எல்லா மறுதலையும் மெய் என்ற எண்ணம் அப்படித்தான் ஊன்றுகிறது. மெய்யான மறுதலைகளை மட்டும் காட்டும் பாடம் மறுதலையைக் கற்பிக்கும் பாடமே அல்ல.

மலேசியத் தமிழர் கோணத்தோடு கொண்ட உறவு பள்ளிக்கூடத்தில் தொடங்கியதன்று. ஜொகூரின் பால்மரத் தோட்டங்களில் அது விடியற்காலை வேலையாக இருந்தது. ரப்பர் மரத்தின் பட்டையில் போடும் வெட்டு கிடையாக இருக்கக்கூடாது, செங்குத்தாகவும் இருக்கக்கூடாது. ஒட்டுக்கட்டிய மரத்துக்கு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வு என்பது வழக்கம். அந்தச் சாய்வுக்கு வெட்டிய தகடு ஒன்றை மரத்தில் சுற்றிவைத்துக் கோடு கிழித்துவிடுவார்கள். வெட்டுபவர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நாள்தோறும் மெல்லிய சீவலாகப் பட்டையை எடுப்பார். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும். பட்டைக்குள் பால்குழாய்கள் நேர்செங்குத்தாக ஓடாமல் வலப்புறம் சற்றுச் சாய்ந்து ஏறுகின்றன. அவற்றைக் குறுக்கே வெட்டினால் கூடுதல் குழாய்கள் திறக்கும். 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் மறுபடி மறுபடி பால் எடுக்கும் முறையைச் சோதித்துக் காட்டினார். 1925இல் அமைந்த மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் வெட்டின் நீளம், சாய்வு, இடைவெளி ஆகியவற்றை அளவுகளாக நிலைநிறுத்தியது. அந்த அளவுகளைக் கையால் நிறைவேற்றியவர்களில் மிகப் பெரும் பகுதியினர் தமிழர்கள். அவர்களில் பாதிக்குப் பாதி பெண்கள் என்று சொல்லத்தக்க அளவுக்குப் பெண்கள்.

இந்த வேலையில் ‘ஆல்’ என்று முடியும் வாக்கியங்கள் நிறைய. சாய்வு குறைந்தால் பால் கோட்டில் ஓடாமல் பட்டையில் வழியும். இது சரி. பால் பட்டையில் வழிந்திருந்தால் சாய்வு குறைந்திருக்கிறது. இது சரியா? மரம் மழையில் நனைந்திருந்தாலும் வழியும். கோட்டில் பட்டைத்தூள் அடைத்திருந்தாலும் வழியும். வழிந்த பாலைப் பார்த்ததும் வெட்டியவரின் கையைக் குறைசொல்லும் மேற்பார்வை மறுதலையை மெய்யென்று எடுத்துக்கொண்ட மேற்பார்வை. கூலி பாலின் எடையோடு கட்டப்பட்டிருந்த உலகத்தில் இந்தத் தருக்கப் பிழைக்கு விலை உண்டு. நேரான முடிவு வேறொன்று: பால் எங்கும் வழியவில்லை, ஆகவே சாய்வு குறையவில்லை. அது எப்போதும் செல்லும். திருப்பியும் மறுத்தும் சொல்லும்போது மூலக்கூற்றின் உண்மை கெடுவதில்லை.

மழை பெய்தால் வெட்டு இல்லை என்பது தோட்டத்துப் பிள்ளை ஒவ்வொன்றும் அறிந்த கூற்று. வெட்டு இல்லாத நாளெல்லாம் மழை நாளா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டால் உடனே சிரிக்கும். இலையுதிரும் மாதங்களில் வெட்டு நிற்கும், தீபாவளிக்கும் நிற்கும். வாழ்ந்து தெரிந்த பொருளில் மறுதலைப் பிழையை யாரும் எளிதில் செய்வதில்லை. முக்கோணத்துக்கு வந்ததும் அதே பிள்ளை அதே பிழையைச் செய்கிறது.

அதற்கு மொழிவழக்கும் ஒரு காரணம். ‘வீட்டுப்பாடம் முடித்தால் விளையாடப் போகலாம்’ என்று அம்மா சொல்லும்போது, முடிக்காவிட்டால் போகக்கூடாது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. அம்மாவும் அப்படித்தான் எண்ணுகிறார். பிள்ளையும் அப்படித்தான் கேட்கிறது. பேச்சில் நிபந்தனை பெரும்பாலும் இருவழிப் பாதையாகவே ஓடுகிறது. இது தமிழுக்கு மட்டும் உரியதல்ல; மொழியியலாளர்கள் 1971 முதலே இதை விளக்கி வந்திருக்கிறார்கள். கணிதம் கேட்பது ஒருவழிப் பாதையை. பேச்சு வழக்கத்தை விட்டுக் கணித வழக்கத்துக்கு வருவது பிள்ளை தானாகச் செய்துகொள்ளும் காரியமல்ல. யாராவது காட்டித்தர வேண்டும்.

தமிழில் இதைக் காட்டித்தந்தவர்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் இந்த ஆய்வு நிறைவுபெறாது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவையைக் கற்பிக்கிறார். பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று வாதத்தின் உறுப்புகளைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் வரக்கூடிய போலிகளை வரிசைப்படுத்துகிறார். சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசம் என்ற வடமொழி நூலோடு இந்தக் காதை நெருங்கி ஒத்துப்போவதை அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். எது முந்தியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மணிமேகலையின் அளவை பௌத்தத் தருக்க ஆசிரியர் திங்நாகருக்கு முந்தியது என்று எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928இல் வாதிட்டார். கால முறை எதுவானாலும், தமிழ்க் காப்பியம் ஒன்றின் ஒரு முழுக் காதை தருக்கப் பாடமாகவே அமைந்திருக்கிறது.

அங்கே திட்டாந்தப் போலிகள் பத்து. அவற்றில் இரண்டு நம் கேள்விக்கு நேராக வருகின்றன. ஒன்று விபரீதாந்நுவயம், இன்னொன்று விபரீத வெதிரேகம். அந்தக் காலத்து வாதம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ஒலி அழியக்கூடியது, ஏனென்றால் அது உண்டாக்கப்படுகிறது, உண்டாக்கப்படுவதெல்லாம் அழியும், குடத்தைப் போல. இதில் தொடர்பு சொல்ல வேண்டிய திசை, உண்டாக்கப்படுவது என்பதிலிருந்து அழிவது என்பதற்கு. ‘அழிவதெல்லாம் உண்டாக்கப்பட்டது’ என்று மாற்றிச் சொன்னால் அது விபரீதாந்நுவயம். முடிவு தற்செயலாகச் சரியாக இருந்தாலும் வாதம் போலி. எதிர்மறையில் சொல்லும்போதும் அப்படியே: அழியாதது எதுவோ அது உண்டாக்கப்படாதது என்று சொல்ல வேண்டும்; உண்டாக்கப்படாதது அழியாதது என்று சொன்னால் விபரீத வெதிரேகம். நான்காம் படிவப் புத்தகத்தின் மறுதலையும், இரு பக்கமும் மறுத்த கூற்றும் இங்கே பெயர் பெற்று, குற்றமென்று சுட்டப்பட்டு நிற்கின்றன. நேரான கூற்றும், அதைத் திருப்பி மறுத்த கூற்றும் மட்டுமே தொடர்பைச் சரியாகச் சொல்கின்றன என்ற தெளிவும் இருக்கிறது. குடங்களும் சாடிகளும் விற்கும் ஊரில் இந்தப் பாடத்துக்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

புகையும் நெருப்பும் இன்னும் பெயர் பெற்ற எடுத்துக்காட்டு. மலையில் புகை தெரிகிறது. ஆகவே நெருப்பு உண்டு. நெருப்பு உண்டு, ஆகவே புகை உண்டு என்று சொல்லலாமா? கூடாது என்பதற்கு நியாய நூலார் காட்டியது பழுக்கக் காய்ச்சிய இரும்பு: நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. அதோடு அவர்கள் நிற்கவில்லை. நெருப்பிலிருந்து புகைக்குப் போக என்ன குறைகிறது என்று கேட்டு, ஈர விறகின் சேர்க்கை என்று விடை கண்டார்கள். அதை உபாதி என்றார்கள். அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகம் இதைச் சுருக்கமாகச் சொல்கிறது. 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் அந்நூலைத் தமிழாக்கினார். பொய்யான மறுதலைக்கு எதிர் எடுத்துக்காட்டு கண்டுபிடிப்பது முதல் படி. எந்த நிபந்தனையைச் சேர்த்தால் அது மெய்யாகும் என்று கேட்பது இரண்டாம் படி. நான்கு சாலைக் கணக்கில் இரண்டாவது சோடியும் சமம் என்று சேர்த்தோமே, அதுவும் இந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான். கணித ஆராய்ச்சியாளர் நாள்தோறும் செய்யும் வேலையும் இதுவே. ஆயர் ஈத்தாம் சூளைகளில் விறகு எரிந்த நாளில் புகை இருந்தது. எரிவாயுச் சூளையில் நெருப்பு உண்டு, அந்தப் புகை இல்லை. ஒரு பிள்ளைக்கு உபாதியை விளக்க இதைவிட வேறு வேண்டுமா?

இந்த மரபு வடிவியலோடு சேரவில்லை என்பது உண்மை. நம் தருக்க நூலார் குடத்தையும் புகையையும் பற்றிப் பேசினார்கள். முக்கோணத்தைப் பற்றிப் பேசவில்லை. யூக்ளிட் முக்கோணத்தைப் பற்றிப் பேசினார். தம் கூற்றுகளின் தருக்க வடிவத்துக்குப் பெயர் சூட்டவில்லை. இரண்டையும் ஒரே வகுப்பறையில் சேர்க்கும் வாய்ப்பு நமக்குத்தான் இருக்கிறது.

சேர்த்தால் பயன் உண்டா என்பதை ஆய்வுகள் ஓரளவு சொல்கின்றன. உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் வெளியிட்ட சோதனையில் நான்கு அட்டைகள்: ஓர் உயிரெழுத்து, ஒரு மெய்யெழுத்து, 4, 7. ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்கும் என்ற விதி உண்மையா என்று பார்க்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? உயிரெழுத்தும் 7உம். பல்கலைக்கழக மாணவர்களில்கூடப் பத்தில் ஒருவர்தான் சரியாகச் சொன்னார்கள். பெரும்பாலோர் 4ஐத் திருப்பினார்கள். மறுதலை மெய்யென்று எடுத்துக்கொண்ட கை அது. ஆனால் 1982இல் கிரிக்ஸும் காக்ஸும் அதே சோதனையை, மது அருந்தினால் வயது வரம்பைத் தாண்டியிருக்க வேண்டும் என்ற விதியாக மாற்றிக் கொடுத்தபோது, நான்கில் மூன்று பேருக்கு அருகில் சரியாகச் சொன்னார்கள். மழையும் வெட்டும் பற்றித் தோட்டத்துப் பிள்ளை தடுமாறாததும் இதே காரணத்தால்தான்.

அப்படியென்றால் தருக்கத்தைத் தனிப்பாடமாக நடத்தினால் போதாதா? 1986இல் செங், ஹோலியோக், நிஸ்பெட், ஆலிவர் நால்வரும் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் முழுக்கத் தருக்கம் படித்தவர்களைச் சோதித்தார்கள். வேசன் சோதனையில் முன்னேற்றம் ஏறக்குறைய இல்லை. குறியீடுகளாக மட்டும் கற்ற தருக்கம் வேறிடத்துக்கு நகர்வதில்லை. நான்காம் படிவத்தில் ஒரு பாடமாகவே வந்து போகும் தருக்கத்தைப் பற்றி நான் கவலைப்படுவது இதனால்தான். மறுபுறம், கணிதம் படித்தாலே போதுமா? இங்கிலாந்தில் ஆட்ரிஜும் இங்கிலிஸும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், உயர்நிலையில் கணிதம் படித்தவர்கள் ஆங்கில இலக்கியம் படித்தவர்களைவிட மறுதலைப் பிழைகளை நன்றாக மறுக்கக் கற்றிருந்தார்கள். ஆனால் திருப்பி மறுத்து முடிவு காண்பதில் அவர்கள் முன்னேறவில்லை, சற்றுப் பின்வாங்கவும் செய்தார்கள். கணிதம் தானாகவே தருக்கத்தின் ஒரு பாதியைத் தருகிறது; மறுபாதியை வெளிப்படையாகக் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

வெளிப்படையாகக் கற்பித்தவர்களில் நான் மிகவும் மதிப்பவர் ஹரோல்ட் ஃபாசெட். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பள்ளியில் அவர் நடத்திய வடிவியல் வகுப்பை 1938இல் ஒரு நூலாக எழுதினார். வரையறைகளையும் எடுகோள்களையும் மாணவர்களே பேசி முடிவு செய்தார்கள். விளம்பரங்களிலும் அரசியல் பேச்சிலும் மறைந்திருக்கும் எடுகோள்களை அதே முறையில் தோண்டி எடுத்தார்கள். 1957இல் ஆலந்தில் வான் ஹீலா தம்பதியர் சொன்னது ஃபாசெட்டின் வகுப்புக்கு ஓர் எச்சரிக்கையாகவும் துணையாகவும் நிற்கிறது: வடிவத்தைப் பார்த்து அடையாளம் காணும் நிலை, பண்புகளை அறியும் நிலை, பண்புகளைத் தமக்குள் தொடர்புபடுத்தும் நிலை என்று படிகள் உண்டு, ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்குக் குதிக்க முடியாது. சதுரம் என்றால் செவ்வகம், ஆனால் செவ்வகமெல்லாம் சதுரமாக வேண்டியதில்லை என்று ஒரு பிள்ளை தயங்காமல் சொல்லும்போது மூன்றாம் படியில் கால் வைத்துவிட்டது. அந்தக் கால் வைக்கும் வயது தொடக்கப்பள்ளியின் முடிவும் இடைநிலைப்பள்ளியின் தொடக்கமும்.

தமிழ்ப்பிள்ளைக்கு மொழி மாறும் வயதும் அதுவே. 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகள், தருக்க உறவுகளைச் சொல்லத் தொடங்கும் வேளையில் ‘ஆல்’, ‘எனில்’ என்பனவற்றை விட்டு ‘ஜிக்கா’, ‘மக்கா’ என்பனவற்றுக்கு வருகிறார்கள். 2003 முதல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடந்த ஆண்டுகளில் ஏழு வயதுப் பிள்ளையே இன்னொரு மொழியில் எண்ணத் தொடங்கியது; 2009இல் அந்தக் கொள்கையைக் கைவிட முடிவெடுத்து, 2012 முதல் படிப்படியாக மாற்றினார்கள். அந்த விவாதத்தில் அனைத்துலக டிம்ஸ் மதிப்பீடு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. இரண்டாம் படிவக் கணிதத்தில் மலேசியா 1999இல் 519 புள்ளிகள் பெற்றது, 2011இல் 440, 2019இல் 461. ஆங்கிலம் வந்தபின் சரிந்தது, ஆகவே ஆங்கிலத்தால் சரிந்தது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். எனக்கும் தாய்மொழிக் கல்வியே வேண்டும். ஆனால் இந்த வாதம் நிற்காது. மொழி தடையானால் மதிப்பெண் குறையும் என்பதை ஒப்புக்கொண்டாலும், மதிப்பெண் குறைந்ததால் மொழிதான் தடை என்று ஆகாது. ஆசிரியர் பயிற்சி, பாடத்திட்டம், தேர்வுமுறை என்று வேறு ஈர விறகுகள் இருக்கின்றன. நாம் நம்பும் பக்கத்துக்குச் சாதகமாக வரும் மறுதலையை மறுப்பதுதான் இந்தப் பயிற்சியின் கடினமான பகுதி.

இவை எல்லாவற்றையும் வைத்துப் பார்க்கும்போது, கோணமும் நிபந்தனைக் கூற்றும் தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளிலேயே, தமிழிலேயே சேர வேண்டும் என்பது என் முடிவு. புதிய பாடம் வேண்டாம், குறியீடும் வேண்டாம். இருக்கும் கோணக் கணக்குக்குப் பின் ஒரு கேள்வி போதும்.

தரை ஓடுகளை எடுத்துக்கொள்ளலாம். ஒழுங்கு ஐங்கோண ஓடுகளை மட்டும் கொண்டு இடைவெளி இல்லாமல் தரை பாவ முடியுமா? பாவ முடிந்தால், மூலைகள் கூடும் இடத்தில் கோணங்களின் கூடுதல் 360 ஆக வேண்டும். ஐங்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 108. மூன்று சேர்ந்தால் 324, நான்கு சேர்ந்தால் 432. ஒரு மூலை இன்னொரு ஓட்டின் விளிம்பில் முட்டி நின்றாலோ 180 வேண்டும். 108 போக மிஞ்சுவது 72, அதை நிரப்ப ஓடு இல்லை. ஆகவே முடியாது. பிள்ளை இங்கே செய்தது திருப்பி மறுக்கும் வாதம், அதன் பெயர் தெரியாமலே. 60 பாகை முக்கோணம், 90 பாகைச் சதுரம், 120 பாகை அறுகோணம் ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் பாவ முடிகிறது. அப்போது யாராவது ஒரு பிள்ளை ஒரு விதி சொல்லும்: கோணம் 360ஐ மீதியின்றி வகுக்காவிட்டால் அந்த வடிவத்தால் தரை பாவ முடியாது. ஒழுங்கான வடிவங்களுக்கு அது சரி. 50, 60, 70 பாகைக் கோணங்கள் கொண்ட ஒரு முக்கோணத்தை அட்டையில் நிறைய வெட்டிக் கொடுங்கள். 50உம் 70உம் 360ஐ வகுக்கா. ஆனாலும் அந்த முக்கோணங்கள் தரையை நிரப்பிவிடும், ஏனென்றால் மூன்று கோணமும் சேர்ந்து 180 ஆகி ஒரு நேர்கோட்டில் அமர்கின்றன. விதி உடைந்தது. எந்தச் சொல்லைச் சேர்த்தால் விதி மறுபடி நிற்கும்? ‘ஒழுங்கான’ என்ற சொல்லைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சேர்ப்பார்கள்.

நேரம் இல்லை என்பது ஆசிரியர்கள் சொல்லும் தடை. நியாயமான தடைதான். தொடக்கப்பள்ளி முடிவில் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு அந்த நேரத்தில் கொஞ்சமாவது திரும்பக் கிடைத்திருக்கிறது. அதைக் கூடுதல் பயிற்சித்தாள்களுக்கே கொடுத்துவிட வேண்டியதில்லை. இன்னொரு தடை மதிப்பெண். விடை எண்ணுக்கு மட்டும் மதிப்பெண் தரும் வரையில், காரணத்தை எழுதப் பிள்ளைக்குத் தேவை இல்லை. ‘கோடுகள் இணை, ஆகவே ஒன்றுவிட்ட கோணங்கள் சமம்’ என்று எழுதிய பிள்ளைக்கும், ‘ஒன்றுவிட்ட கோணங்கள் சமம், ஆகவே கோடுகள் இணை’ என்று எழுதிய பிள்ளைக்கும், கேள்வி எதைக் கொடுத்தது என்பதைப் பார்த்து ஆசிரியர் வேறுவேறு மதிப்பெண் தர வேண்டும். பொய்யான மறுதலைக்கு ஓர் எதிர் எடுத்துக்காட்டு வரைந்தால் அதற்கும் முழு மதிப்பெண். இதைப் பள்ளி அளவிலான மதிப்பீட்டில் எந்த ஆசிரியரும் அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம்; கோணமானியும் அட்டையும் கத்தரிக்கோலும் தவிர வேறு பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை.